கான்வென்ட் பள்ளியில் இடம் நாடும் பெற்றோருக்கு

1842ஆம் ஆண்டில் அயர்லாந்து தேசத்திலிருந்து கப்பலேறி வந்த பிரசென்டேஷன் சபைக் கன்னியாஸ்திரிகள், இன்று ஜார்ஜ் டவுன் என்று வழங்கும் சென்னைப் பகுதியில் பெண் குழந்தைகளுக்குப் பள்ளி திறந்த காலத்தில், பெண்ணுக்குப் படிப்பு எதற்கு என்று கேட்டவர்களே ஊரில் மிகுதி. அன்று அவ்வாறு கேட்ட குடும்பங்களின் சந்ததியார், இன்று தம் பெண்ணுக்கு எல்.கே.ஜி. வகுப்பில் ஓர் இடம் கிடைக்குமா என்று விண்ணப்பமும் கையுமாகக் கான்வென்ட் வாசல்களில் காத்து நிற்கிறார்கள். காத்திருப்பதில் குற்றமில்லை, விவரம் அறியாமல் காத்திருப்பதே வருத்தத்துக்குரியது.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, இப்பள்ளிகள் எந்த உரிமையின் பேரில் நடைபெறுகின்றன என்பது. சிறுபான்மையோர் தமக்கு விருப்பமான கல்வி ஸ்தாபனங்களை நிறுவி நிர்வகிக்கும் உரிமையை அரசியல் சாசனத்தின் 30ஆம் பிரிவு அளிக்கிறது. கத்தோலிக்கக் குழந்தைகளுக்கு இங்கே முன்னுரிமை வழங்கப்படுவதும், அவர்களிடம் ஞானஸ்நானச் சான்றிதழும் பங்குத்தந்தையின் கடிதமும் கேட்கப்படுவதும் இதனால்தான். அக்கா படிக்கும் பள்ளியில் தங்கைக்கும், தாய் படித்த பள்ளியில் மகளுக்கும் சலுகை காட்டுவது பல பள்ளிகளின் சம்பிரதாயம். எஞ்சிய இடங்களுக்கே மற்றவர்கள் போட்டியிடுகிறார்கள் என்பதை உணர்ந்தவர்கள், ஒரே பள்ளியை நம்பியிராமல் வேறு பள்ளிகளுக்கும் விண்ணப்பித்து வைப்பார்கள்.

சேர்க்கையின்போது குழந்தையையோ பெற்றோரையோ சோதித்துப் பொறுக்கியெடுப்பதை 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் விலக்கியிருக்கிறது. ஆனால், சிறுபான்மையோர் பள்ளிகளுக்கு அச்சட்டம் பொருந்தாதென்று 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பைப் பற்றி அந்நீதிமன்றத்தின் இரு நீதிபதிகளே 2025இல் சந்தேகம் எழுப்பியிருக்கிறார்கள். எப்படியாயினும், நேர்காணல் என்ற பெயரைக் கேட்டதுமே மூன்று வயதுக் குழந்தைக்கு ஆங்கிலப் பாட்டுகளை இரவும் பகலும் உருப்போட வைக்கும் பெற்றோர்களைப் பார்க்கும்போது மனம் நோகிறது. மேசைக்கு அப்பால் அமர்ந்திருக்கும் சிஸ்டர், "உன் பேர் என்னம்மா?" என்று கேட்கிறார், குழந்தையோ தாயின் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்கிறது, தாயின் நெற்றியில் வியர்வை அரும்புகிறது. வெட்கப்படுவது அவ்வயதின் சுபாவம். அதற்காக வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தப் பிஞ்சைக் கடிந்துகொள்வது தகாது.

பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். குழந்தையின் பெயரே ஏறாத சான்றிதழைப் பீரோவில் பத்திரமாக வைத்திருந்து, விண்ணப்பத்தின் கடைசி நாளில் அலறியடித்துக்கொண்டு நகராட்சி அலுவலகத்துக்கு ஓடுவோர் உண்டு. பிறப்பு பதிவான 12 மாதங்களுக்குள் கட்டணமின்றியும், அதன்பின் 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணம் செலுத்தியும் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம். சான்றிதழிலும் ஆதாரிலும் பெயரின் எழுத்துகளும் இனிஷியலும் ஒன்றுபோல் இருத்தல் வேண்டும்.

மதத்தைப் பற்றிய அச்சம் சிலருக்கு உண்டு. கத்தோலிக்க மாணவியர் மறைக்கல்விக்குச் செல்லும் நேரத்தில் மற்றவர்களுக்கு நீதிபோதனை வகுப்பு நடத்துவதே பெரும்பாலும் வழக்கம். அன்றியும், அரசு அங்கீகாரம் பெற்ற எந்தப் பள்ளியிலும் பெற்றோரின் சம்மதமின்றிக் குழந்தையைச் சமய போதனைக்கு உட்படுத்தலாகாது என்று சாசனத்தின் 28ஆம் பிரிவு விதிக்கிறது. பணத்தைப் பொறுத்தவரை, அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகளின் கட்டணத்தை 2009ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்தின்படி அமைந்த குழு நிர்ணயிக்கிறது. இடம் வாங்கித் தருகிறேன் என்று சொல்லும் தரகரிடம் ஒரு ரூபாயும் கொடுக்கலாகாது. செலுத்தும் ஒவ்வொரு தொகைக்கும் பள்ளியின் ரசீதைக் கேட்டு வாங்குங்கள்.

இவ்வளவையும்விட நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது வேறொன்று. பல கான்வென்ட் வளாகங்களில், ஆங்கில வழி மெட்ரிகுலேஷன் பள்ளிக்குப் பக்கத்திலேயே, அதே கன்னியாஸ்திரிகள் நடத்தும் அரசு உதவி பெறும் தமிழ் வழிப் பள்ளியும் இருக்கிறது. அங்கே பாடநூல்கள் இலவசம்; தொடக்க வகுப்புகளில் மதிய உணவும் உண்டு. உயர்கல்விக்குச் செல்லும் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டமும், அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 2024 டிசம்பரில் விரிவாக்கப்பட்டது. அரசு உதவி பெறும் பள்ளியில் மதம், சாதி, மொழி ஆகியவற்றை மாத்திரம் காரணங்காட்டி எவரையும் சேர்க்க மறுக்கலாகாது என்பது சாசனத்தின் 29ஆம் பிரிவு. கான்வென்டின் ஒழுங்கையும் கண்காணிப்பையும் விரும்பி வருகிற பெற்றோர்கள், ஒரு வாசலில் இடமில்லை என்றவுடன் சோர்ந்து திரும்பிவிடாமல், அடுத்த வாசலிலும் ஒருமுறை விசாரித்துப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.