மூணு பைசாவைத் தேடி...

காசு சேகரிப்பது என்றாலே பள்ளிக்கூடப் பையன்களின் விளையாட்டு, இல்லாவிட்டால் பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்று நம்மில் பல பேர் நினைக்கிறோம். இரண்டும் இல்லை. மாமியாரின் சுருக்குப்பை, பரணில் கிடக்கும் உண்டியல், அஞ்சறைப் பெட்டியின் அடி... இவற்றைக் கவிழ்த்தாலே பாதி செட் தேறிவிடும். மீதியைத் தேடுவதில்தான் ருசியே இருக்கிறது.

முதலில் 'முழு செட்' என்றால் எது என்று தீர்மானம் செய்துகொள்ள வேண்டும். கண்டதையெல்லாம் டப்பாவில் போட்டு வைத்தால் அது வெறும் சில்லறைதான். பத்தாவது வரை படித்த நான் எனக்குத் தோதாக எடுத்துக்கொண்டது பைசாக் காசுகளை. 1957 ஏப்ரல் 1-ஆம் தேதி வரை ரூபாய்க்கு 16 அணா, 64 காலணா, 192 தம்படி என்று கணக்கு. அன்று முதல் ரூபாய்க்கு நூறு நயா பைசா. 1964 ஜூனில் 'நயா' போய் வெறும் பைசா ஆயிற்று. 1, 2, 3, 5, 10, 20, 25, 50 என்று மதிப்புக்கு ஒன்றாக எட்டே எட்டு காசு. நம் கைக்கு அடங்கிய செட் இது.

இந்த எட்டில் கண்ணாமூச்சி ஆடுவது மூணு பைசா. அலுமினியம், ஆறு மூலை. 1964-இல் வந்தது, 1971-க்குப் பிறகு புழக்கத்துக்கு அடிக்கவில்லை. "மூணு பைசாவுக்குக் கமர்கட்டு வாங்கித் தின்னுருக்கேன். அந்த மூணு பைசாவை நீ இப்போ ரூவா குடுத்து வாங்கறியா?" என்று அத்தை சிரித்தார். சிரித்தவர்தான் மறுநாள் தன் டிரங்குப் பெட்டியைக் குடைந்து ஒரு ஓட்டைக் காலணாவை எடுத்துக் கொடுத்தார்! யுத்த காலத்தில் உலோகத் தட்டுப்பாடு வந்தபோது, 1943 முதல் 1947 வரை நடுவில் துளையோடு அடித்த காசு அது. என் கணவர் குழந்தையாக இருந்தபோது அரைஞாண் கயிற்றில் கோத்திருந்தாராம். என் செட்டில் அதற்கு இடமில்லை. ஆனாலும் தனியாக வைத்திருக்கிறேன்.

வருஷ வாரியாகச் சேர்க்க ஆசைப்படுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எல்லாக் காசும் 1957-இலேயே வந்துவிடவில்லை. 50 நயா பைசா 1960-இல்தான் வந்தது. தசமக் கணக்கில் ஒரு ரூபாய்க் காசு 1962-இல். இல்லாத வருஷத்துக் காசை ஒருவர் விற்க வந்தால் உஷாராகிவிடலாம், பாருங்கள்! இன்னும் ஆசை இருந்தால் வருஷத்துக்குக் கீழே உள்ள அடையாளத்தைப் பார்த்து, அக்கசாலை வாரியாகவும் பிரிக்கலாம். சின்ன வைர வடிவம் இருந்தால் மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், வட்டப் புள்ளி நொய்டா, ஒன்றுமே இல்லை என்றால் கொல்கத்தா. லென்ஸைக் கையில் கொடுத்துவிட்டால் பிள்ளைகள் ஒரு மணி நேரம் டிவி பக்கம் போகாது.

காசைக் கண்டதும் நமக்குக் கை பரபரக்கும், புளி போட்டுத் தேய்க்க! வேண்டவே வேண்டாம். பித்தளைக் குத்துவிளக்குக்குத்தான் புளி. காசின் மேல் வருஷக்கணக்காகப் படிந்த நிறம் அதன் தோல் மாதிரி. தேய்த்துப் பளபளவென்று ஆக்கிய காசைச் சேகரிப்பவர்கள் மதிப்பதே இல்லை. தாமரை போட்ட பழைய 20 பைசாவை 108 சேர்த்து லக்ஷ்மி பூஜைக்கு வைத்திருக்கும் வீடுகள் உண்டு. குங்குமமும் புளியும் பட்டுப் பட்டு அவற்றில் பல வழவழவென்று ஆகிவிட்டிருக்கும். பூஜைக்கு அது சரி, செட்டுக்கு ஆகாது. மண் ஒட்டியிருந்தால் வெறும் தண்ணீரில் ஊறவைத்து, மெல்லிய பருத்தித் துணியில் ஒற்றி எடுங்கள், போதும். எடுக்கும்போதும் விளிம்பில்தான் பிடிக்க வேண்டும். விரல் வியர்வை பட்ட இடம் பிறகு கறுக்கும்.

எங்களுடையது கடலோர ஊர். அலுமினியக் காசில் உப்புக் காற்று பட்டால் வெள்ளையாகப் பூத்துவிடும். பி.வி.சி. பிளாஸ்டிக் உறை மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்காதீர்கள். நாளாக நாளாக அது பிசுபிசுத்துக் காசின் மேல் பச்சையாக ஒட்டும். நடுவில் கண்ணாடி போன்ற தாள் வைத்த சதுர அட்டை உறைகள் நாணயக் கடைகளில் கிடைக்கும். அதில் காசை வைத்து, பின் அடித்து, பின்னின் முதுகைக் குறடால் நசுக்கிவிட்டால் பக்கத்துக் காசைக் கீறாது. ரப்பர் பாண்டும் செய்தித்தாளும் கூடாது. மூடி இறுகும் டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் போட்டு வையுங்கள்.

இனி விலை. உள்ளதைச் சொல்கிறேன், இதில் யாரும் லட்சாதிபதி ஆவதில்லை. 25 பைசாவும் அதற்குக் கீழ்ப்பட்ட காசுகளும் 2011 ஜூன் 30 முதல் செல்லாது. சாதாரணக் காசுகளுக்குச் சேகரிப்பவர்கள் கொடுப்பதும் சொற்பம்தான். ஆனால் "உங்கள் பழைய அஞ்சு ரூபாய்க் காசுக்குப் பத்து லட்சம்" என்று போனில் செய்தி வருகிறதே! எங்கள் தெருவில் ஒரு பெண் அதை நம்பினாள். பதிவுக் கட்டணம், வரி, கமிஷன் என்று மூன்று தவணையாக, மகளின் காலேஜ் ஃபீஸுக்கு வைத்திருந்த பணத்தை அனுப்பிவிட்டாள். காசு அவளிடமே இருக்கிறது, பணம்தான் போயிற்று. வீட்டில் சொல்லப் பயந்து ஒரு மாசம் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை, பாவம். பழைய காசு விஷயத்தில் தாங்கள் எந்தக் கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே எச்சரித்திருக்கிறது. விற்கிறவளிடம் முன்பணம் கேட்பவன் வாங்க வந்தவன் அல்ல. யாராவது ஏமாந்துவிட்டால் திட்டாதீர்கள். உடனே 1930 என்ற எண்ணில் புகார் செய்யச் சொல்லுங்கள்.

தவழும் குழந்தை உள்ள வீட்டில் டப்பா மேல் அலமாரியில்தான் இருக்க வேண்டும். குழந்தை காசை விழுங்கிவிட்டது என்று சந்தேகம் வந்தால் வாழைப்பழம் கொடுத்துத் தள்ளப் பார்ப்பதும், விரலை விட்டு வாந்தி எடுக்க வைப்பதும் வேண்டாம். நேரே ஆஸ்பத்திரிக்குப் போய் எக்ஸ்ரே எடுங்கள். விழுங்கியது காசா, அதே அளவிலுள்ள பட்டன் பேட்டரியா என்பதும் அதில்தான் தெரியும். பேட்டரி என்றால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது.

டப்பாவோடு ஒரு நோட்டும் போடுங்கள். எந்தக் காசு, எந்த வருஷம், யார் கொடுத்தது, என்ன விலை என்று எழுதி வர வேண்டும். எங்கள் நோட்டில் மூணு பைசாவுக்கு எதிரே என் மகள், "பாட்டி கமர்கட்டு தின்ற காசு" என்று எழுதி வைத்திருக்கிறாள்.