ரயில் டிக்கெட்டை நம் ஊரிலிருந்தே எடுப்போம்

மருத்துவ உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு வருவோரில் பலருக்கு, மருந்துச் செலவோடு போய்வரும் செலவும் பெரும் பாரமாக இருப்பதைப் பார்க்கிறோம். அதனால்தான் நம் காயல்பட்டினம் ரயில் நிலையத்தைப் பற்றி இந்த இதழில் எழுதுகிறோம்.

திருநெல்வேலி–திருச்செந்தூர் பாதை 1923-இல் திறக்கப்பட்டது. நீளம் சுமார் 61 கி.மீ. ஆறுமுகநேரிக்கும் திருச்செந்தூருக்கும் நடுவே நம் நிலையம். பாளையங்கோட்டை அரசு மருத்துவமனைக்கும், நம் ஊரில் பிறந்த சதக்கத்துல்லாஹ் அப்பா அவர்களின் பெயரைத் தாங்கிய கல்லூரிக்கும் செல்வோருக்கு, பஸ்ஸை விடக் குறைந்த செலவில் போய்வர இதுவே வழி. சென்னைக்குச் செல்வோருக்குச் செந்தூர் எக்ஸ்பிரஸ் இருக்கிறது. (தூத்துக்குடிக்கு மட்டும் பஸ்தான் தோது, ரயிலில் போனால் ஊரைச் சுற்ற வேண்டும்.)

2023 டிசம்பர் வெள்ளத்தை யாரும் மறந்திருக்க மாட்டோம். ஒரே நாளில் நம் ஊரில் சுமார் 95 செ.மீ. மழை. தண்டவாளத்தின் அடியில் இருந்த மண்ணையும் ஜல்லியையும் வெள்ளம் அரித்துக்கொண்டு போனது. ஜனவரி முதல் வாரம் வரை ரயில் இல்லை. இந்த ரயிலின் அருமை அப்போது தெரிந்தது.

இனி விஷயத்துக்கு வருவோம். ஒரு நிலையத்திலிருந்து எத்தனை பேர் புறப்படுகிறார்கள், எவ்வளவு வருமானம் வருகிறது என்பதைக் கொண்டுதான் ரயில்வே அதைத் தரம் பிரிக்கிறது. வசதிகள் அந்தத் தரத்தைப் பொறுத்தே கிடைக்கும். ஒரு ரயிலுக்கு நிறுத்தம் கேட்டாலும் இந்தக் கணக்கைத்தான் முதலில் எடுப்பார்கள். நம்மில் சிலர் திருச்செந்தூரிலிருந்து டிக்கெட் போட்டுவிட்டு இங்கே ஏறுகிறார்கள். நாம் ஏறியது இங்கே, கணக்கு அங்கே. டிக்கெட்டே எடுக்காமல் ஏறுவது பற்றிச் சொல்லவே வேண்டாம், அது ஹராம் என்பது எல்லோருக்கும் தெரியும்.

பலர் அறியாத சலுகைகளும் உண்டு. வீட்டிலிருந்து கல்வி நிலையத்துக்குச் சென்று வர, பட்டப்படிப்பு வரை மாணவிகளுக்கும் 12-ஆம் வகுப்பு வரை மாணவர்களுக்கும் இரண்டாம் வகுப்பு மாத சீசன் டிக்கெட் இலவசம். மதரஸா மாணவர்களும் இதில் அடக்கம். கல்வி நிலையத் தலைவரின் சான்று வேண்டும். "தினமும் அனுப்பக் கட்டுப்படியாகாது" என்று பெண் பிள்ளைகளின் கல்லூரிப் படிப்பை நிறுத்த நினைக்கும் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டுகிறோம்.

புற்றுநோயாளிகள் சிகிச்சைக்கோ மறுபரிசோதனைக்கோ செல்லும்போது ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் கட்டணம் கிடையாது. உடன் செல்லும் ஒருவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. இதய அறுவை சிகிச்சைக்கும், சிறுநீரக மாற்று சிகிச்சைக்கும் டயாலிசிஸுக்கும் செல்வோருக்கும் தள்ளுபடி உண்டு. மருத்துவமனையில் ரயில்வேக்குரிய படிவத்தில் கையொப்பமும் முத்திரையும் வாங்கி முன்பதிவு கவுண்டரில் கொடுக்க வேண்டும். ஊருக்குத் திரும்பிய பிறகு படிவம் வாங்கி வந்து பயனில்லை. எடுத்த டிக்கெட்டுக்குப் பணம் திரும்ப வராது. மூத்த குடிமக்களுக்கான சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது; அதை நம்பிக் கவுண்டருக்குச் செல்ல வேண்டாம்.

நோயாளிகளுக்கான படிவமும் சீசன் டிக்கெட் விண்ணப்பமும் நம் அலுவலகத்தில் உள்ளன. அஸர் தொழுகைக்குப் பின் வந்தால் நிரப்பித் தருகிறோம். நோயாளிகள் நேரில் வரத் தேவையில்லை. வீட்டார் யாரேனும் மருத்துவச் சீட்டுடன் வந்தால் போதும்.