ஹான்லே: இருட்டை நம்பிப் பிழைக்கும் ஊர்

நட்சத்திரம் பார்க்க வரும் பயணிகளின் வண்டி வெளிச்சமே நட்சத்திரங்களுக்கு எதிரி. லடாக்கின் எல்லையோரக் கிராமத்தில் இரண்டுக்கும் நடுவே நிற்பவர்கள் உள்ளூர் வழிகாட்டிகள்.

கொடைக்கானலுக்கு சீசன் மே மாதம். குற்றாலத்துக்குச் சாரல். லடாக்கின் தென்கிழக்கு மூலையில், சீன எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் ஹான்லேக்கு சீசன் அமாவாசை. நிலா இல்லாத இரவுகளுக்குத்தான் அங்கே அறைகள் முதலில் நிரம்புகின்றன. பௌர்ணமிக்கு வந்து சேருபவர்கள் விவரம் தெரியாதவர்கள். நிலவொளியில் பளபளக்கும் மலைகளைப் பார்த்துவிட்டு, நட்சத்திரங்கள் எங்கே என்று கேட்பவர்கள்.

மற்ற சுற்றுலாத் தலங்களில் மாலை ஆறு மணிக்கு வழிகாட்டியின் வேலை முடியும். இங்கே அப்போதுதான் ஆரம்பம். இருட்டியதும் வெட்டவெளியில் டெலஸ்கோப் நிறுத்தப்படுகிறது. கம்பளி அங்கியும் குல்லாயும் போட்ட உள்ளூர்ப் பெண்ணோ இளைஞரோ பக்கத்தில் நிற்கிறார். கையில் சிவப்பு வெளிச்சம் தரும் டார்ச். வந்தவர்களிடம் அவர் முதலில் கேட்பது பணத்தையல்ல, செல்போனை அணைக்கச் சொல்லித்தான். மனிதக் கண் இருட்டுக்குப் பழக இருபது, முப்பது நிமிடங்கள் ஆகும். நடுவில் யாராவது ஒருவர் ஃபிளாஷ் போட்டுப் படமெடுத்தால் கூட்டம் முழுவதும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அந்த அரைமணி நேரம் வீணல்ல. பார்த்துக்கொண்டிருக்கும்போதே வானம் நிரம்பிக்கொண்டு வரும். நகரத்துக்காரர்கள் முதலில் மேகம் என்று நினைப்பது பால்வீதி. விருச்சிகத்தின் வாலருகே அது தடித்து, கருந்திட்டுகளோடு தலைக்கு மேலே வளைந்து வடக்கே போகிறது. ஆண்ட்ரமீடா காலக்ஸி வெறும் கண்ணுக்குத் தெரிகிறது. டெலஸ்கோப்பில் கண்ணை வைத்தால் சனியின் வளையம். புத்தகத்தில் நூறு தடவை பார்த்ததுதான். ஆனாலும் பெரியவர்களே குழந்தைகளைத் தள்ளிவிட்டு இரண்டாம் முறை வரிசையில் நிற்கும் இடம் அது.

தெற்கிலிருந்து போகிறவர்களுக்கு வானமே இடம் மாறித் தெரியும். சென்னையில் துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து 13 டிகிரி உயரத்தில், கட்டடங்களுக்குப் பின்னால் மங்கிக் கிடக்கும். ஹான்லேயில் அது 33 டிகிரி உயரத்தில் நிற்கிறது. அகத்திய நட்சத்திரத்துக்கு நிலைமை தலைகீழ். தமிழ்நாட்டில் குளிர்கால இரவுகளில் தெற்கே ஜொலிக்கும் அது ஹான்லேயில் 5 டிகிரிகூட எழும்புவதில்லை. மலைக்குப் பின்னால் நின்றுவிடுகிறது. செப்டம்பரில் இரவு பத்து மணி வாக்கில் கிழக்கே எழும் கார்த்திகைக் கூட்டம் மட்டும் இரண்டு ஊருக்கும் பொது. திபெத்திய மொழியில் அதன் பெயர் மின்ட்ருக். ‘ட்ருக்’ என்றால் ஆறு. கார்த்திகைப் பெண்கள் அங்கேயும் ஆறு பேர்தான்.

ஹான்லேக்கும் தமிழ்நாட்டுக்கும் இதைவிட நேரடியான தொடர்பும் உண்டு. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய வான் இயற்பியல் நிறுவனத்துக்குக் கொடைக்கானலில் 1899 முதல் சூரிய ஆய்வகம் இருக்கிறது. ஜவ்வாது மலையில் காவலூரில் 2.34 மீட்டர் டெலஸ்கோப் 1986-இல் திறக்கப்பட்டது. ஆனால் தமிழ்நாட்டின் வானம் வானியலுக்கு முழுமனதோடு ஒத்துழைப்பதில்லை. தென்மேற்குப் பருவமழை போனால் வடகிழக்குப் பருவமழை வந்து நிற்கும். மேகமும் ஈரமும் குறைந்த இடம் தேடிப் போன விஞ்ஞானிகள் இமயத்தைத் தாண்டிய இந்தக் குளிர்ப் பாலைவனத்தில் வந்து நின்றார்கள். ஹான்லே சமவெளியிலிருந்து எழும்பும் திக்பா ரட்சா ரி என்ற குன்றுக்கு சரஸ்வதி மலை என்று பெயர் வைத்து, 4,500 மீட்டர் உயரத்தில் 2 மீட்டர் டெலஸ்கோப்பை நிறுவினார்கள். 2000 செப்டம்பரில் அது முதல் முறையாக வானத்தைப் பார்த்தது. நோபல் பரிசு பெற்ற எஸ். சந்திரசேகரின் நினைவாக அதற்கு ஹிமாலயன் சந்திரா டெலஸ்கோப் என்று பெயர். அதை இயக்குபவர்கள் பெரும்பாலும் அங்கே இருப்பதில்லை. பெங்களூருக்கு அருகே ஹொஸகோட்டையில் உட்கார்ந்துகொண்டு செயற்கைக்கோள் இணைப்பு வழியே திருப்புகிறார்கள்.

குன்றின் மேலே இருந்தவர்களுக்கும் கீழே ஆடு மேய்த்தவர்களுக்கும் இருபது ஆண்டுகளாகப் பெரிய கொடுக்கல் வாங்கல் இல்லை. ஆனால் டெலஸ்கோப்புக்கு வேண்டிய இருட்டு, கீழே இருப்பவர்கள் கையில் இருந்தது. வீட்டுக்கு வீடு வெள்ளை எல்.இ.டி. விளக்கு எரிந்தால் கோடிக்கணக்கான ரூபாய்க் கருவி மங்கிப்போகும். விளக்குப் போடாதே என்று எல்லைக் கிராமத்து மக்களிடம் சொல்ல எந்த முகத்தோடு போவது? சொல்வதானால் பதிலுக்கு ஏதாவது கொடுக்க வேண்டும்.

அப்படிப் பிறந்ததுதான் இருள்வானக் காப்பகம். லடாக் நிர்வாகம், லே மலைப்பகுதி வளர்ச்சிக் கவுன்சில், வான் இயற்பியல் நிறுவனம் மூன்றும் கூடிச் செய்த ஏற்பாடு. 2022 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. சாங்தாங் வனவிலங்குச் சரணாலயத்துக்குள் 1,073 சதுர கி.மீ. பரப்பு. போக், ஷாடோ, புங்குக், குல்டோ, நாகா ஆகிய குடியிருப்புகளும் திபெத்திய அகதிகள் குடியிருப்பும் இதற்குள் அடக்கம். வெளிவிளக்குகளுக்கு மூடி போட வேண்டும், வெளிச்சம் தரையைப் பார்த்து விழ வேண்டும், வெள்ளைக்குப் பதில் மஞ்சள் ஒளி, ஜன்னல்களுக்குக் கனத்த திரை என்பவை விதிகள். பதிலுக்குக் கிராமங்களிலிருந்து 24 பேரைத் தேர்ந்தெடுத்து வானியல் தூதர்களாக்கினார்கள். பெண்களும் அவர்களில் கணிசம். நட்சத்திர மண்டலங்களை அடையாளம் காட்டவும் டெலஸ்கோப்பைக் கையாளவும் விஞ்ஞானிகள் பயிற்சி கொடுத்தார்கள். டெலஸ்கோப்புகளையும் கொடுத்தார்கள்.

கொடுத்த கருவி டாப்சோனியன் வகை. மோட்டாரும் மின்சாரமும் வேண்டாம். பீரங்கி போல ஒரு மரப்பெட்டியில் உட்கார்ந்திருக்கும். கையால் தள்ளித் திருப்பலாம். இந்த வடிவத்தைப் பிரபலமாக்கிய ஜான் டாப்சன், சான் பிரான்சிஸ்கோவில் ராமகிருஷ்ண மரபைச் சேர்ந்த வேதாந்த மடத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் துறவியாக இருந்தவர். பிறகு தெருவோரத்தில் டெலஸ்கோப்பை வைத்துக்கொண்டு, போகிறவர் வருகிறவரையெல்லாம் கூப்பிட்டு நிலாவைக் காட்டினார். அந்தத் தெருவோர வேலையைத்தான் ஹான்லேயின் பெண்கள் இப்போது கடல்மட்டத்துக்கு மேலே 4,200 மீட்டருக்கும் அதிக உயரத்தில் செய்கிறார்கள்.

இவர்களுக்கு முன்னோடி ஊருக்குள்ளேயே இருந்தார். வானாய்வகத்தின் பொறுப்புப் பொறியாளர் டோர்ஜே அங்சுக் எடுத்த இரவு வானப் படங்கள்தான் ஹான்லேயை நாடெங்கும் பரப்பின. சர்வதேச வானியல் ஒன்றியம் அவரைக் கௌரவ உறுப்பினராக்கியிருக்கிறது. 2024 மே மாதம் பெரும் சூரியப் புயல் வீசியபோது, துருவப் பகுதிகளுக்கே உரிய ஒளிக்கோலம் ஹான்லே வானத்திலும் சிவப்பாகப் படர்ந்து கேமராக்களில் பதிவானது. அந்தப் படங்களைப் பார்த்துக் கிளம்பியவர்கள் ஏராளம். தினமும் அப்படி இருக்கும் என்று நம்பி வருபவர்களுக்கு விளக்கம் சொல்வதும் வழிகாட்டிகளின் வேலையில் சேர்ந்துகொண்டது.

கூட்டம் வருகிறது, சிக்கலும் கூடவே வருகிறது. யாரும் ஹான்லேக்கு நடந்து வருவதில்லை. லேயிலிருந்து சிந்து நதியோரமாக சுமார் 250 கி.மீ. வண்டியில் வருகிறார்கள். பாதை மோசம், புறப்பாடு தாமதம், பஞ்சர் ஒன்று; ஊருக்குள் நுழையும்போது இருட்டிவிடும். மூடி போட்ட தெருவிளக்குகளும் திரை போட்ட ஜன்னல்களுமாக ஊர் அடங்கியிருக்கும் நேரத்தில் ஹைபீமில் வரும் ஒரே ஒரு ஜீப், சமவெளி முழுக்க வெளிச்சத்தை அடித்துவிடுகிறது. மரமில்லாத, மறைப்பில்லாத நிலம். பல கிலோமீட்டருக்கு அப்பால் வரும் வண்டியின் விளக்கும் டெலஸ்கோப் அருகே நிற்பவர் முகத்தில் விழும்.

வானத்தைப் பார்க்கவே வராதவர்கள் இன்னொரு ரகம். 19,024 அடி உயரத்தில் உம்லிங் லா சாலை 2021-இல் கின்னஸ் புத்தகத்தில் ஏறியது முதல் மோட்டார் சைக்கிள்காரர்களுக்கு ஹான்லே இரவு தங்கும் நிறுத்தமாகிவிட்டது. அதையும் மிஞ்சும் மிக் லா சாலையை எல்லைச் சாலை நிறுவனம் 2025-இல் எட்டியது. அதுவும் இந்தப் பக்கம்தான். சாதனைக்காக ஓட்டுபவர்களுக்கு விளக்கை ஏன் தாழ்த்த வேண்டும் என்பதை யாராவது ஒவ்வொருவருக்கும் சொல்லியாக வேண்டும். சொல்பவர் வழிகாட்டி. அவர் கையில் இருப்பது வேண்டுகோள் மட்டுமே.

வேண்டுகோள் எவ்வளவு தூரம் எடுபடும் என்பதற்கு லடாக்கிலேயே பாடம் இருக்கிறது. 1974-இல் வெளிநாட்டவருக்குத் திறந்துவிடப்பட்ட பகுதி அது. முதல் சில பத்தாண்டுகள் வந்தவர்கள் மடாலயங்களையும் மலைப்பாதைகளையும் தேடி வந்தவர்கள். 2009-இல் வெளியான ‘3 இடியட்ஸ்’ படத்தின் கடைசிக் காட்சி பாங்காங் ஏரிக்கரையில் எடுக்கப்பட்டது. அதற்குப் பிறகு ஏரிக்குப் போனவர்கள் படத்தில் வந்த மஞ்சள் ஸ்கூட்டரில் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொள்ளத்தான் அதிகம் விரும்பினார்கள். கரையெங்கும் ஸ்கூட்டர்களும் கூடாரங்களும் படத்தின் பெயரில் சாப்பாட்டுக் கடைகளும் முளைத்தன. ஏரி நீலமாகவே இருக்கிறது, அதற்கு ஒன்றும் ஆகிவிடவில்லை என்று வாதிடலாம். இருட்டு விஷயத்தில் அப்படி வாதிட வழியில்லை. வெளிச்சம் வந்தால் இருட்டு அங்கேயே போய்விடும்.

பகலிலும் வழிகாட்டிகளுக்கு வேலை உண்டு. பதினேழாம் நூற்றாண்டு மடாலயம் ஊருக்கு மேலே குன்றில் நிற்கிறது. லே அரண்மனையைக் கட்டிய செங்கே நம்கியால் காலத்தது. அந்த மன்னர் 1642-இல் இறந்ததும் ஹான்லேயில்தான். கீழே ஈரநிலத்தில் கோடையில் கருங்கழுத்துக் கொக்குகள் குஞ்சு பொரிக்கின்றன. லடாக்கின் மாநிலப் பறவையாக அறிவிக்கப்பட்ட இந்தக் கொக்குக்குப் பெரிய எதிரி, முகாம்களின் எச்சில் சோற்றில் பெருகிய தெருநாய். ஆகவே மிச்சச் சாப்பாட்டை வெளியே எறியாதீர்கள் என்று சொல்வதும் சுற்றிக்காட்டுவதில் ஒரு பகுதி. சமவெளியில் மேயும் கியாங் என்ற காட்டுக் கழுதைக் கூட்டத்தைப் படமெடுப்பதற்காக வண்டியில் துரத்துபவர்களைத் தடுப்பது இன்னொரு பகுதி. அந்த உயரத்தில் கிடைக்கும் ஆக்சிஜன் சமவெளியில் கிடைப்பதில் ஐந்தில் மூன்று பங்குதான். துரத்தப்பட்ட மிருகத்துக்கு அந்த ஓட்டம் விளையாட்டல்ல.

மனிதர்களுக்கும் அப்படித்தான். லேயில் விமானத்தை விட்டு இறங்கி மறுநாளே ஹான்லேக்குக் கிளம்புபவர்கள் இரவில் பார்ப்பது நட்சத்திரமல்ல, தலைவலியும் வாந்தியும். லேயில் குறைந்தது இரண்டு மூன்று நாள் உடம்பைப் பழக்கிக்கொண்ட பிறகு போக வேண்டும். எல்லைப் பகுதி என்பதால் அனுமதி விதிகள் மாறிக்கொண்டே இருக்கும். லேயிலேயே விசாரித்துக்கொள்வது நல்லது.

இவ்வளவுக்கும் கிடைப்பது என்ன? டெலஸ்கோப் காட்டுவதற்கான கட்டணம், வீட்டில் தங்க இடமும் சாப்பாடும் கொடுப்பதற்கான வாடகை. மே முதல் அக்டோபர் தொடக்கம் வரைதான் ஆள் நடமாட்டம். ஒவ்வொரு மாதமும் நிலா பாதியைத் தின்றுவிடும். ஜூலை, ஆகஸ்டில் மேகம் இன்னும் சில இரவுகளைக் கொண்டுபோகும். கணக்குப் போட்டால் ஆண்டுக்கு ஐம்பது, அறுபது நல்ல இரவுகள் தேறினால் அதிகம். வானம் மிகத் தெளிவாக இருக்கும் குளிர்காலத்தில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 25, 30 டிகிரி. அப்போது மிருகசீரிஷம் தலைக்கு மேலே வந்து நிற்கும், பார்க்க ஒரு பயணியும் இருக்கமாட்டார்.

ஆனாலும் இந்த ஐம்பது இரவுகள் சாதாரணமல்ல. பஷ்மினா ஆடு மேய்க்கும் சாங்பா குடும்பங்கள் பல, மந்தையை விற்றுவிட்டு லே நகரத்தின் ஓரத்தில் குடியேறுவது சாங்தாங் முழுக்க நடக்கிறது. கடும் பனிக் குளிர், பள்ளிக்கூடம் தூரம், பிள்ளைகளுக்கு மேய்ப்பில் விருப்பமில்லை என்று காரணங்கள் பல. சொந்த ஊரிலேயே இருந்துகொண்டு, அதுவும் பெண்கள், சம்பாதிக்கக்கூடிய வேலைகள் அங்கே அதிகமில்லை. இருட்டு அப்படியொரு வேலையைக் கொடுத்திருக்கிறது. விளக்குக்கு மூடி போட்டதற்குக் கிடைத்த கூலி என்றும் இதைச் சொல்லலாம்.

குன்றின் மேலே இருப்பவர்களின் தேவையும் கூடிக்கொண்டே போகிறது. அண்டவெளியிலிருந்து வரும் காமா கதிர்கள் காற்றில் மோதும்போது உண்டாகும் மிக மெல்லிய நீல ஒளியைப் பிடிக்கும் 21 மீட்டர் மேஸ் டெலஸ்கோப், 2024 அக்டோபரில் ஹான்லேயில் திறந்துவைக்கப்பட்டது. 13.7 மீட்டர் கண்ணாடி கொண்ட தேசியப் பெரிய டெலஸ்கோப்பும் இங்கேதான் திட்டமிடப்பட்டிருக்கிறது. அது வந்தால் இப்போதைய மூடிகளும் திரைகளும் போதுமா, அமாவாசைக் கூட்டத்துக்கு வரம்பு கட்டுவார்களா, கட்டினால் அந்த இழப்பை யார் ஈடுகட்டுவது என்பவை இன்னும் பேசி முடியாதவை. இப்போதைக்கு வண்டிகள் ஊரை நெருங்கும் திருப்பத்தில், விளக்கைத் தாழ்த்துங்கள் என்று கையசைத்துக்கொண்டு யாராவது ஒருவர் சாலையோரம் நிற்க வேண்டியிருக்கிறது.