கதைக்குப் பெயர் வைத்தல்: கேட்பாரில்லாத கேள்வி

அமெரிக்க எழுத்தாளர் ஜாய்ஸ் கரோல் ஓட்ஸ் 1966-ல் வெளியிட்ட ஒரு சிறுகதைக்கு முதலில் 'மரணமும் கன்னியும்' என்றே பெயரிட்டிருந்தார். ஐரோப்பியச் சித்திரக்காரர்கள் பல நூற்றாண்டுகளாகத் தீட்டிப் பழகிய விஷயம் அது. அப்பெயரே நிலைத்திருந்தால், கதைக்குள் நுழையுமுன்பே அதன் முடிவு வாசகனுக்குத் தெரிந்துபோயிருக்கும். 'எங்கே போகிறாய், எங்கே போயிருந்தாய்?' என்று அவர் பிற்பாடு மாற்றியது அந்தக் கதையின் பாக்கியம்.

தொனியை வைத்துப் பார்த்தால், நேரங்கழித்து வீடு திரும்பும் பெண்ணை வாசலில் மறித்துப் பெற்றோர் கேட்கும் கேள்வி இது. ஆனால் கதையில் அப்படிக் கேட்பவர் ஒருவருமில்லை. பதினைந்து வயதுக் கானியையும் தன் மகளையும் 3 மைல் தள்ளியிருக்கும் கடைத்தெருவில் காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, இரவு 11 மணிக்கு வந்து அழைத்துப் போகும் தோழியின் தகப்பனார், இவ்வளவு நேரம் என்ன செய்தீர்கள் என்று விசாரிப்பதே கிடையாது. கானியின் தகப்பனாரோ வேலையிலிருந்து வந்து, பத்திரிகையைப் படித்தவாறே சாப்பிட்டுவிட்டுப் படுக்கப் போகிறவர். தாய்க்கு, மகள் கண்ணாடி பார்ப்பதைக் கண்டிக்கவும், 24 வயதான மூத்தவளின் சமர்த்தைச் சொல்லிக் காட்டவுமே பொழுது சரியாக இருக்கிறது. இந்த அசிரத்தையின் நடுவேதான் அந்தப் பெண், ஒரே சட்டையை வீட்டில் ஒருவிதமாகவும் வெளியே வேறுவிதமாகவும் அணியவும், நடையையும் சிரிப்பையும்கூட வாசற்படி தாண்டியதும் மாற்றிக்கொள்ளவும் கற்றுக்கொள்கிறாள். இரண்டில் எது தன் சுபாவம் என்று அவளையே கேட்டிருந்தாலும் விடை கிடைத்திராது. தலைப்பில் போகுமிடத்தை முன்னும் போயிருந்த இடத்தைப் பின்னும் வைத்த வரிசை அப்பிராயத்துக்கே உரியது. திரும்பிப் பார்க்கும்படியான கடந்தகாலம் அவளுக்கு இன்னும் சேரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டார் உறவினர் விருந்துக்குப் போயிருக்கும் வேளையில், பொன்வர்ணம் பூசிய பழைய காரில் ஆர்னால்டு ஃபிரெண்ட் என்பவன் வந்து நிற்கிறான். வயது 18 என்கிறான். முகம் முப்பதைச் சொல்கிறது. உயரத்தைக் கூட்டிக்காட்ட அவன் எதையோ அடைத்திருக்கும் பூட்ஸில் கால் கோணுகிறது. (அரிஸோனாவின் டூசான் நகரில் இளம்பெண்களைக் கொன்ற ஒருவனைப் பற்றிப் பத்திரிகையில் வந்த கட்டுரையே கதைக்கு வித்து, பூட்ஸும் அந்த ஆசாமியுடையதுதான்.) அவள் பெயரும், அவள் சிநேகிதிகளின் பெயர்களும், அவள் பெற்றோர் அந்நேரம் இருக்குமிடமும் அவனுக்கு அத்துபடி. நீ வந்த இடம் இனி இல்லை, போக நினைத்த இடமும் ரத்தாகிவிட்டது என்று கம்பிவலைக் கதவுக்கு வெளியே நின்றபடி அவன் சொல்லும்போது, பெற்றவர்கள் கேட்கத் தவறிய இரண்டு கேள்விகளுக்கும் அந்நியன் ஒருவன் பதில் கூறி முடிக்கிறான். இக்கதையில் கொலையோ ரத்தமோ காட்டப்படுவதில்லை. எனக்கு அதன் குரூரம் முழுவதும் இந்த ஓரிடத்தில்தான் இருக்கிறது.

1985-ல் ஜாய்ஸ் சோப்ரா இதைத் திரைப்படமாக எடுத்தபோது, லாரா டெர்ன் நடித்த அந்தப் பெண்ணை வீட்டுக்குத் திரும்பிவர வைத்தார். கதையோ, அவள் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியேறுவதோடு நின்றுவிடுகிறது. படத்துக்கு 'ஸ்மூத் டாக்' என்று வேறு பெயர் சூட்டியதும் நியாயமே. அவளைப் பத்திரமாக வீடு சேர்த்துவிட்ட பிறகு, பழைய தலைப்புக்கு அங்கே வேலையில்லை.