கங்காரு இறைச்சிக்கு மூன்று நிமிடம், புளிப்புப் பழத்துக்குக் கால் மணி

1983ஆம் ஆண்டுக்குப் பின்னர் எமது ஊர்களிலிருந்து அவுஸ்திரேலியாவுக்குப் போய்ச் சேர்ந்த குடும்பங்கள் பல. சிட்னியிலும் மெல்பேர்ணிலும் இருக்கும் பிள்ளைகளிடம் போய் வந்த தாய்மார் சொல்லும் புதினங்களில் ஒன்று, அங்கே பெரிய கடைகளில் கங்காரு இறைச்சியைப் பொதி செய்து விற்கிறார்கள் என்பது. கேட்டவுடன் நாம் முகத்தைச் சுளிக்கிறோம். வயிற்றுப் பையில் குட்டியைச் சுமந்து துள்ளித் திரியும் பிராணியைத் தின்பார்களா? தின்கிறார்கள். அந்த நாட்டின் அரச இலச்சினையில் ஈமு பறவைக்கு எதிரே நிற்பதும் அதே கங்காருதான்.

இந்த இறைச்சியை அங்குள்ளவர்கள் வீட்டில் எப்படி வாட்டுகிறார்கள், அதனோடு புளிப்புப் பழச்சாறு ஏன் சேர்கிறது என்பதையே இம்மாதம் எழுதுகிறோம். கங்காரு எமது சந்தைக்கு வரப்போவதில்லை. ஆனால் கொழுப்பில்லாத இறைச்சியைத் தோலாக்கிவிடாமல் சமைக்கும் முறையும், அதிலுள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேர வைக்கும் முறையும் எந்த அடுப்படிக்கும் பொருந்தும். தலைச்சுற்றலையும் களைப்பையும் "இது வழமைதானே" என்று சொல்லி நாளைக் கடத்தும் எமது பெண்களுக்கு இது தேவையான விடயம்.

வன்னியில் வளர்ந்தவர்களுக்கு வேட்டை இறைச்சி புதிதல்ல. மரை வற்றலின் மணம் இன்னும் பலருக்கு நினைவிருக்கும். ஆனால் இலங்கையில் மானும் மரையும் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. அவற்றை வேட்டையாடுவதும் இறைச்சியை விற்பதும் குற்றம். கங்காருவின் கதை வேறு. அதை யாரும் பண்ணையில் வளர்ப்பதில்லை. அது காட்டிலும் புல்வெளியிலும் தானாக மேய்ந்து பெருகுகிறது. மாநில அரசுகள் விமானத்திலிருந்து கணக்கெடுத்து, ஒவ்வொரு ஆண்டும் எத்தனை சுடலாம் என்று எல்லை விதிக்கின்றன. அனுமதிப்பத்திரம் பெற்றவர்கள் இரவில் சுடுகிறார்கள். மனிதர் உண்பதற்கு இதை விற்கும் அனுமதி தென் அவுஸ்திரேலியாவில் 1980இலும், ஏனைய மாநிலங்களில் 1993இலுமே கிடைத்தது. அதற்கு முன்னர் அங்கெல்லாம் நாய்க்கும் பூனைக்கும் போடும் தீனியாகவே விற்றார்கள். தாய் சுடப்படும்போது பையிலுள்ள குட்டியின் கதி என்ன என்று கேட்டு இதை எதிர்ப்பவர்கள் அந்நாட்டிலேயே உண்டு. அந்தக் கேள்வி நியாயமானதுதான்.

சட்டம் அனுமதித்தது பிந்தித்தான். அந்த மண்ணின் பூர்வகுடி மக்களோ பல்லாயிரம் ஆண்டுகளாகக் கங்காருவை உண்டு வந்தவர்கள். பெரும்பாலும் ஆண்கள் வேட்டைக்குப் போனார்கள். பெண்கள் கிழங்கும் விதையும் பழமும் சேகரித்தார்கள். வேட்டை பொய்க்கும் நாட்களில் வீட்டைத் தாங்கியது பெண்களின் கூடைதான். கொன்ற மிருகத்தில் எந்தப் பங்கு எந்த உறவுக்கு என்பதற்கு முறையான வழக்கம் இருந்தது. 1788இல் பிரித்தானியர் வந்து குடியேறத் தொடங்கினர். போகப் போக மேய்ச்சல் நிலங்கள் ஆட்டுக்கும் மாட்டுக்கும் என்று எடுக்கப்பட்டன. நிலத்தோடு வேட்டையும் பழமும் போயின. பதிலுக்கு மாவும் சீனியும் தேயிலையும் பங்கீடாகக் கொடுக்கப்பட்டன. நிவாரண அட்டையோடு மாவுக்கும் சீனிக்கும் வரிசையில் நின்ற எமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இன்றும் மத்திய அவுஸ்திரேலியாவின் பூர்வகுடிக் குடும்பங்கள் கங்காரு வாலைத் தணலிலும் சூடான சாம்பலிலும் புதைத்துச் சுட்டு உண்கிறார்கள்.

வெள்ளையர் வீடுகளிலும் ஆரம்ப காலத்தில் கங்காரு சமைக்கப்பட்டது. ஹானா மக்லேர்கன் என்ற பெண்மணி குயின்ஸ்லாந்தின் டவுன்ஸ்வில் நகரில் ஹோட்டல் நடத்தி வந்தார். 1898இல் அவர் வெளியிட்ட சமையல் நூலில், கங்காருவின் சிறிய இனமான வலபியைச் சமைக்கும் முறைகள் உள்ளன. பின்னர் சிட்னிக்கு வந்து, கணவர் இறந்த பிறகும் வென்ட்வேர்த் ஹோட்டலைத் தாமே நடத்திப் பெயர் பெற்றார். சமையலறையில் தொடங்கிய ஒரு பெண்ணின் தொழில், அந்நகரின் பேர்போன விடுதியாக வளர்ந்தது. இதைப் போகிற போக்கில் சொல்லி வைக்கிறோம்.

இனி இறைச்சிக்கு வருவோம். கங்காரு துள்ளித் திரியும் பிராணி. ஆகவே அதன் உடம்பில் கொழுப்பு சேர்வதில்லை. இறைச்சியில் கொழுப்பு நூற்றுக்கு இரண்டு பங்குக்கு மேல் போவது அரிது. நிறம் ஈரலைப் போலக் கருஞ்சிவப்பு. இதயத்துக்கு நல்லது, ஆனால் சமைப்பவருக்குச் சோதனை. மாட்டிறைச்சியிலும் பன்றியிறைச்சியிலும் தசைக்குள் ஓடும் கொழுப்பு உருகி இறைச்சியை ஈரமாக வைத்திருக்கும். இதில் அது இல்லை. உள்ள ஈரமெல்லாம் தசை நீர்தான். அடுப்பில் அதிக நேரம் கிடந்தால் நார்கள் சுருங்கி அந்த நீரைப் பிழிந்து வெளியே தள்ளிவிடும். பிறகு செருப்புத் தோலைக் கடிப்பது போலத்தான் இருக்கும்.

நால்வருக்கு 600 கிராம் போதும். முதுகுப் பகுதியிலிருந்தோ தொடையின் மேற்பகுதியிலிருந்தோ எடுத்த, ஓர் அங்குலத் தடிப்புள்ள துண்டுகள் நல்லவை. உறைந்த இறைச்சியானால் முதல் நாள் இரவே குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து இளக்க வேண்டும். வெளியே மேசையில் வைத்து இளக்கக் கூடாது. தசையின் மேல் வெள்ளி நிறத்தில் படர்ந்திருக்கும் சவ்வை மெல்லிய கத்தியால் நீக்கிவிடுங்கள். அது எவ்வளவு வெந்தாலும் மெதுவாகாது; சுருண்டு துண்டையும் கோணலாக்கும். துணியால் ஈரத்தை ஒற்றி எடுத்து, இறைச்சியின் மேலேயே எண்ணெய் தடவுங்கள். தாச்சியில் எண்ணெய் விட வேண்டாம், புகையும். மிளகுத்தூள் தூவி, அடுப்பில் போடுவதற்குச் சற்று முன்னர் உப்புப் போடுங்கள்.

இரும்புத் தாச்சியோ தோசைக்கல்லோ நன்றாகக் காய வேண்டும். ஒரு துளி நீர் தெளித்தால் அது உருண்டு ஓட வேண்டும். இறைச்சியைப் போட்டதும் உரத்த சத்தம் எழும். சத்தம் வராவிட்டால் கல் காயவில்லை என்று பொருள். இரண்டரை முதல் மூன்று நிமிடம் அசைக்காமல் விட்டு, இடுக்கியால் ஒரே தடவை திருப்பி, மறுபக்கமும் அதே அளவு நேரம். முள்ளுக்கரண்டியால் குத்தினால் சாறு வடிந்துவிடும். எடுத்த துண்டுகளை ஒரு தட்டில் வைத்து, மேலே தட்டொன்றைச் சற்றுத் திறந்தாற்போல் மூடி, ஐந்து நிமிடம் ஆற விடுங்கள். பசியோடு நிற்பவர்கள் அவசரப்படுவார்கள். விட்டுக்கொடுக்க வேண்டாம். இந்த ஐந்து நிமிடத்தில்தான் சாறு இறைச்சிக்குள் தங்குகிறது. பிறகு நார் ஓடும் திசைக்குக் குறுக்கே மெல்லிசாக வெட்டிப் பரிமாறுவார்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருப்பதுதான் அவர்களுக்குப் பதம்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கர்ப்பிணிகள் இப்படி அரைப்பதமாக வெந்த இறைச்சியை உண்ணக் கூடாது. கங்காரு போன்ற காட்டு மிருகங்களின் இறைச்சியில் டொக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி இருக்கக்கூடும். தாய்க்குப் பெரிதாக ஒன்றும் தெரியாமலேயே அது கருவிலுள்ள சிசுவின் கண்ணையும் மூளையையும் பாதிக்கலாம். மகளின் பிள்ளைப்பேறு பார்க்க அவுஸ்திரேலியாவுக்குப் போகும் தாய்மார் இதைத் தெரிந்து வைத்திருங்கள். பிள்ளைத்தாய்ச்சிக்குக் கொடுப்பதானால் மெல்லிய துண்டுகளாக வெட்டி, சிவப்பு முழுவதும் மாறி, வரும் சாறு தெளிவாகும் வரை வேக வையுங்கள்.

பழச்சாற்றுக்கு அங்கே விரும்பி எடுப்பது குவாண்டொங் என்ற பழம். பாலைவன ஓரங்களில் வளரும் சிறு மரம். பழம் பளிச்சென்ற சிவப்பு, புளிப்பு. நடுவில் மூளையைப் போல மடிப்பு மடிப்பான ஒரே கொட்டை. இந்த மரம் எமது சந்தன மரத்தின் இனத்தைச் சேர்ந்தது. சந்தனத்தைப் போலவே இதுவும் பக்கத்து மரங்களின் வேரில் தன் வேரைப் பொருத்தி நீரும் சத்தும் எடுத்து வாழும். பூர்வகுடிப் பெண்கள் பழத்தைப் பறித்து உலர்த்தி வைப்பார்கள். கொட்டைக்குள் இருக்கும் எண்ணெய்ப் பருப்பும் அவர்களுக்கு உணவும் மருந்துமாகியது. ஈமு பறவை பழத்தை விழுங்கிக் கழித்த கொட்டைகளைப் பொறுக்கி உடைத்தும் பருப்பை எடுத்தார்கள்.

உலர்ந்த குவாண்டொங் 50 கிராமை ஒன்றரைக் கோப்பை வெந்நீரில் சில மணி நேரம் ஊற வைக்க வேண்டும். சின்ன வெங்காயம் நான்கைப் பொடியாக அரிந்து சிறிது எண்ணெயில் வதக்கி, ஒரு துண்டு இஞ்சி, ஒரு செத்தல் மிளகாய் சேர்த்து, பழத்தை ஊறிய நீரோடு விடுங்கள். சீனி இரண்டு மேசைக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. இளந்தீயில் கால் மணி நேரம் கொதித்தால் பழம் கரைந்து கூழாகும். இறைச்சி வாட்டிய தாச்சியில் ஒட்டியிருப்பதைச் சிறிது வெந்நீர் விட்டுச் சுரண்டி இதில் சேர்த்துக் கொதிக்க விடுங்கள். ருசி முழுவதும் அதில்தான் இருக்கிறது. இறக்கிய பின்னரே அரைத் தேசிக்காயைப் பிழிய வேண்டும். கொதிக்கும்போது பிழிந்தால் விற்றமின் சி அழிந்துபோகும்.

அந்தப் புளிப்பு ருசிக்கு மட்டுமல்ல. 100 கிராம் கங்காரு இறைச்சியில் ஏறத்தாழ 3 முதல் 4 மில்லிகிராம் வரை இரும்புச்சத்து உண்டு. மாதவிலக்கு வரும் வயதுப் பெண்ணுக்கு நாளொன்றுக்கு 18 மில்லிகிராமும், கர்ப்பிணிக்கு 27 மில்லிகிராமும் தேவை என்று அவுஸ்திரேலியச் சுகாதாரத் துறையினர் கணக்கிட்டுள்ளனர். ஆண்களுக்கு 8 போதும். ஆனால் எமது வீடுகளில் என்ன நடக்கிறது? சட்டியில் உள்ள இறைச்சித் துண்டுகள் முதலில் ஆண்களுக்கும் பிறகு பிள்ளைகளுக்கும் போகின்றன. அம்மா கடைசியில் குழம்பை வழித்துச் சோற்றில் பிரட்டிக்கொள்கிறாள். தனியாகக் குடும்பத்தைச் சுமக்கும் பெண்கள் அதையும் பிள்ளைகளுக்கு விட்டுவிடுகிறார்கள். கூடுதலாகத் தேவைப்படுபவருக்குக் குறைவாகக் கிடைக்கிறது. பங்கு வைக்கும்போதே உங்கள் துண்டையும் எடுத்து வையுங்கள். வேலைக்குப் போகும் தாய் விழுந்துவிட்டால் வீடு என்னாகும் என்பதை உங்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டுமா?

முருங்கையிலை, பயறு, கௌபி, கடலை ஆகியவற்றிலும் இரும்பு இருக்கிறது. ஆனால் இறைச்சியிலுள்ள இரும்பைப் போல அது இலகுவில் உடம்பில் சேராது. விற்றமின் சி அதைச் சேர வைக்கும். அதே சாப்பாட்டில் சிறு துண்டு இறைச்சியோ மீனோ இருந்தாலும் இலை, பருப்பிலுள்ள இரும்பு கூடுதலாகச் சேரும். இறைச்சியைத் தொடாதவர்கள் தேசிக்காயையோ நெல்லிக்காயையோ கைவிட வேண்டாம். தேநீர் இதற்கு நேர் எதிரி. சோறு உண்ட கையோடு குடிக்கும் பிளேன்ரீ, உண்டதிலுள்ள இரும்பைச் சேரவிடாமல் தடுக்கிறது. ஒரு மணி நேரமாவது பொறுத்துக் குடியுங்கள். குருதிச்சோகை என்று கண்டவர்களுக்குச் சாப்பாடு மட்டும் போதாது. குடும்பநல உத்தியோகத்தர் தரும் மாத்திரையை நிறுத்தக் கூடாது.

எமது அடுப்படியில் இதைச் செய்வதானால் ஆட்டின் முதுகெலும்பை ஒட்டிய தசையைக் கேட்டு வாங்குங்கள். மாட்டிறைச்சி உண்பவர்களுக்கும் அதே இடத்துத் தசைதான் நல்லது. சந்தையில் வெளியே தொங்கிய இறைச்சியை உள்ளே சிவப்பாக விடுவது ஆபத்து. ஆகவே ஓர் அங்குலம் வேண்டாம். நாருக்குக் குறுக்கே கால் அங்குலத் தடிப்பில் வெட்டுங்கள். நன்கு காய்ந்த கல்லில் பக்கத்துக்கு இரண்டு நிமிடம் வைத்தால் முழுவதும் வெந்துவிடும், இறுகாது. இன்னும் சிவப்புத் தெரிந்தால் அரை நிமிடம் கூட வைக்கலாம். கோழிக்கு இந்த அவசரக் கணக்குப் பொருந்தாது. எலும்பருகே சிவப்பு இல்லாமல் வேக வேண்டும். சற்று முற்றிய ஆடு என்றால் பச்சை அன்னாசிச் சாறோ பப்பாசிக்காய் விழுதோ அரை மணி நேரம் தடவி வையுங்கள். அதற்கு மேல் வைத்தால் மேற்புறம் மாவாகக் கரையும்.

குவாண்டொங்குக்குப் பதில் புளிமாங்காயோ, காலத்தில் நாவற்பழமோ போதும். மாங்காய்க்குச் சீனி அரை மேசைக்கரண்டி கூட்டுங்கள். நாவற்பழத்தைக் கொட்டை நீக்கிப் போட்டால் துவர்ப்பும் சேர்ந்து, ஆட்டிறைச்சிக்கு மிகப் பொருத்தமாக இருக்கும். விறகடுப்பென்றால் சிரட்டைத் தணல் நல்லது. சுவாலை அடங்கி, கரியின் மேல் வெள்ளைச் சாம்பல் படர்ந்த பிறகே கல்லை ஏற்றுங்கள். அதற்கு முன் ஏற்றினால் இறைச்சியில் புகை மணம்தான் இருக்கும். மிஞ்சிய பழச்சாற்றைச் சுத்தமான போத்தலில் அடைத்துக் குளிரில் வைத்தால் சில நாட்களுக்குப் புட்டுக்கும் ரொட்டிக்கும் தொட்டுக்கொள்ளலாம்.