ஒரு வட்டும் இரு கணினிகளும்

பிரிக்பீல்ட்ஸின் வரலாறு இருப்புப்பாதையோடு பிணைந்த வரலாறு. 1886ஆம் ஆண்டில் கோலாலம்பூருக்கும் கிள்ளானை அடுத்த புக்கிட் கூடாவுக்கும் இடையே இரயில் ஓடத் தொடங்கிற்று. பின்னர் இரயில்வேப் பணியை நம்பி வந்த தமிழர் பலர் பிரிக்பீல்ட்ஸில் குடியேறினர். ஒற்றைத் தடத்தில் வண்டி செலுத்துவோர் பேணிய விதி ஒன்று உண்டு. டோக்கன் கையில் இல்லாதவர் அத்தடத்தில் நுழையலாகாது. தடத்தின் ஒரு பகுதிக்கு ஒரு நேரத்தில் ஒரு டோக்கனே வெளிவரும். ஆதலின் இரு வண்டிகள் எதிரெதிரே மோத வழியில்லை. மலாயா இரயில்வேயின் சிங்கப்பூர்ப் பகுதியில் இம்முறை 2011 வரை வழக்கில் இருந்தது.

இவ்விதிக்கும் கணினிக்கும் தொடர்பு யாது? அதனை ஈண்டுக் காண்போம்.

பள்ளி ஒன்றின் மதிப்பெண் பதிவுகள் அனைத்தும் ஒரு சர்வரில் உள்ளன எனக் கொள்வோம். சர்வர் என்பது பிற கணினிகள் கேட்பதை எடுத்து வழங்கும் கணினி. அது பழுதுபட்டால் பள்ளியின் வேலை நின்றுவிடும். ஆகவே இரண்டாவது சர்வர் ஒன்றை அருகே வைப்பர். பதிவுகளை இரண்டின் உள்ளும் வையாமல், இரண்டும் தொடக்கூடிய பொதுச் சேமிப்பகம் ஒன்றில் வைப்பர். முதலாவது வீழ்ந்தால் இரண்டாவது அவ்வட்டை ஏற்றுப் பணியைத் தொடரும். இம்மாற்றத்தைத் தானே செய்யும் மென்பொருள்கள் உண்டு. அவையின்றி மனிதர் தம் கையால் செய்வதும் உண்டு. சிறிய அலுவலகங்களுக்குப் பின்னது எளிது; செலவும் குறைவு. ஆனால், டோக்கனை நம் கையில் வைத்திருக்க வேண்டும்.

ஏன்? நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் கோப்பமைப்புகள், வட்டை ஒரு கணினியே ஆளுகிறது என்ற எண்ணத்தில் அமைக்கப்பட்டவை. வட்டின் எவ்விடம் காலி, எவ்விடம் நிறைந்தது என்னும் கணக்கைக் கணினி தன் நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. மற்றொரு கணினி அதே வட்டில் எழுதினால் அது முதலாவதற்குத் தெரியாது. இருவரும் ஒரே இடத்தைக் காலியென்று கருதி எழுதுவர். இரு கணக்கர் ஒரே பேரேட்டில், ஒருவர் எழுதுவதை மற்றவர் பாராமல் எழுதினால் என்னாகும்? பேரேடே பயனற்றுப் போகும். ஓர் உறையில் இரு வாள் தங்கா என்பது இங்கே சாலப் பொருந்தும்.

ஆகவே மாற்றும் முறை இது. முதலாவது, பழைய சர்வர் உண்மையிலேயே நின்றுவிட்டதா என்று உறுதி செய்க. அது பதில் தரவில்லை என்பதனாலேயே இறந்துவிட்டது என்று கொள்ளற்க; வலையிணைப்பு மட்டும் அறுந்திருக்கலாம். அது பணிந்தால் சேவைகளை நிறுத்தி வட்டை விடுவிக்கச் செய்க. பணியாவிடில் அதன் மின்சாரத்தைத் துண்டிக்க. இதுவே டோக்கனைத் திரும்பப் பெறுதல். இரண்டாவது, புதிய சர்வரில் வட்டைச் சோதித்து ஏற்றுக. மூன்றாவது, மற்றவர் அறிந்த பழைய முகவரி எண்ணைப் புதியதற்கு வழங்கிச் சேவையைத் தொடங்குக. நான்காவது பலர் மறப்பது: பழைய சர்வர் மீண்டும் உயிர்பெறும்போது வட்டைத் தானாக ஏற்றாதவாறு இரண்டு சர்வர்களிலும் முன்னரே அமைத்திடுக. இன்றேல் மின்சாரம் வந்தவுடன் அது பழைய உரிமையோடு வட்டைப் பற்றிக்கொள்ளும்.

இயந்திரம் தானே செய்வது மேலன்றோ எனலாம். விரைவில் அது மேலே. நள்ளிரவில் எவரையும் எழுப்ப வேண்டியதுமில்லை. ஆனால் அதுவும் பிழைபடும். 2018 அக்டோபர் 21இல் கிட்ஹப் நிறுவனத்தில் இணைப்பு 43 வினாடிகளே அறுந்தது. மாற்றும் மென்பொருள் தலைமையை வேறு நிலையத்திற்கு மாற்றிவிட்டது. அங்கே பொது வட்டு இல்லை, படிகளே இருந்தன. ஆயினும் ஒரு கரையில் எழுதியவை மறுகரையில் இல்லாமற் போயின. சேவை சீர்பட 24 மணி 11 நிமிடம் ஆயிற்று. யார் உயிரோடிருக்கிறார் என்று அறிதலே இங்கும் அங்கும் கடினமான வினா.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. இரு சர்வர்கள் உண்டு, வட்டோ ஒன்றே. அது அழிந்தால் இரண்டாவது சர்வர் எதற்கும் உதவாது. 2021 டிசம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கில் வந்த வெள்ளம் ஷா ஆலம் ஸ்ரீ மூடா வீடுகளை மூழ்கடித்தது. அத்தகைய நாளில் ஓர் அறையிலுள்ள சர்வர்களும் வட்டும் ஒருங்கே மூழ்கும். 2025 செப்டம்பரில் தென்கொரியாவின் தேஜான் நகரில் அரசின் கணினி நிலையம் தீப்பற்றியபோது, வேறிடத்தில் படி இல்லாமையால் 858 டெராபைட் அளவுள்ள ஊழியர் கோப்புகள் அழிந்தன. எனவே பதிவுகளின் படியொன்று வேறோர் ஊரில் இருத்தல் வேண்டும்.

முறையைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டி, ஆண்டில் இரு முறையேனும் செய்து பழகுக. பழகிய கைக்கே நள்ளிரவில் பதற்றம் வாராது.