பிசினஸ் கிளாஸ் காசு, எகானமி சீட்டு

மூட்டுவலிக்கார அம்மா பதினாலு மணி நேரம் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு வர வேண்டாம், படுத்துக்கொண்டே வரட்டும் என்று மகனோ மகளோ லட்சக்கணக்கில் கொடுத்து பிசினஸ் கிளாஸ் டிக்கெட் அனுப்புகிறார்கள். தஞ்சாவூர் மாவட்டத்துத் தாராசுரத்தில் பட்டுத்தறி வீடுகளிலும் ஓய்வுபெற்ற வாத்தியார் வீடுகளிலும் இது இப்போது அபூர்வமில்லை. ஆனால் விமான நிலையத்தில், "ஃப்ளைட்டை மாத்திட்டாங்க, பிசினஸில் இடமில்லை, எகானமியில் போறீங்களா?" என்று கேட்டால் நம்மவர்கள் தலையாட்டிவிடுகிறார்கள். நீட்டிய தாளில் கையெழுத்து. கொடுத்த வவுச்சர் பைக்குள். ஊர் திரும்பியதும் போர்டிங் பாஸ் குப்பைக்கு. ஒரு வருஷம் கழித்து, "ஏதாவது கிடைக்குமா சார்?" என்று வருகிறார்கள்.

கிடைக்கும். சும்மா இல்லை, டிக்கெட் விலையில் பெரும்பங்கு கிடைக்கும். விமானப் போக்குவரத்து இயக்குநரகம், அதாவது டிஜிசிஏ, 2023 பிப்ரவரி 15 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த விதி இது: பயணியின் விருப்பமில்லாமல் வகுப்பை இறக்கினால், வெளிநாட்டுப் பயணத்தில் வரி உட்பட டிக்கெட் விலையில் 1,500 கி.மீ. வரை 30 சதவீதம், 3,500 கி.மீ. வரை 50, அதற்கு மேல் 75 சதவீதம் திருப்பித் தர வேண்டும். சென்னை–சிங்கப்பூர் நடுவில் வரும். டெல்லி–லண்டன் 75-இல் வரும். ஐரோப்பிய ஒன்றியத்திலும் பிரிட்டனிலும் இதே அளவில் விதி உண்டு. அங்கிருந்து கிளம்பும் விமானம் எந்த நாட்டுடையதாக இருந்தாலும் அது பொருந்தும். நம் டிஜிசிஏ விதி எந்தக் கவுன்ட்டரிலும் ஒட்டப்பட்டு நான் பார்த்ததில்லை. விதி போட்ட அதிகாரிகள், அது பயணி கண்ணில் படுகிறதா என்று ஒரு நாள் வரிசையில் நின்று பார்த்திருக்கலாம்.

'விருப்பமில்லாமல்' என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தாளில் 'பயணியின் சம்மதத்துடன்' என்று ஒரு வரி இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். படிக்கத் தெரியவில்லையா, மகனுக்குப் படம் எடுத்து அனுப்பிவிட்டுப் பிறகு போடுங்கள். மூத்தவர்களை அவசரப்படுத்துவார்கள்; விமானம் ஏறுவது வேறு, கையெழுத்துப் போடுவது வேறு.

அடுத்தது காகிதம். முதலில் எடுத்த டிக்கெட்டின் நகல். அதில் 13 இலக்க டிக்கெட் எண் இருக்கும். பிறகு உட்கார்ந்து போன சீட்டின் போர்டிங் பாஸ். அது சூட்டில் அச்சாகும் தாள். பீரோவில் வைத்தாலும் சில மாதங்களில் எழுத்து வெளுத்துப் பேப்பர் மட்டும் மிஞ்சும். வாங்கிய இடத்திலேயே செல்போனில் படம் எடுத்துவிடுங்கள். மூன்றாவது, வகுப்பை இறக்கியதற்கான காரணம், எழுத்தில். தர மறுத்தால், கவுன்ட்டரை விட்டு நகரும் முன் அந்நிறுவனத்துக்கு நாலு வரி மின்னஞ்சல் அனுப்புங்கள். அதில் பதிவாகும் நேரமே சாட்சி.

சிலர் வேறு மாதிரி குழப்பிக்கொள்கிறார்கள். திருச்சியிலிருந்து சிங்கப்பூர் வரை மலிவுக் கட்டண விமானம், அங்கிருந்து பிசினஸ் என்று டிக்கெட்டிலேயே இருக்கும். திருச்சியில் சாதாரண சீட்டைப் பார்த்ததும் சண்டை. அது வகுப்பிறக்கம் இல்லை. ஒவ்வொரு பகுதிக்கும் எந்த வகுப்பு, யார் இயக்கும் விமானம் என்பதைக் காசு கட்டுமுன் பாருங்கள்.

சீட்டு பிசினஸ்தான், ஆனால் சாயவில்லை என்றால்? பின்னாளில் தெலங்கானா டிஜிபியாக இருந்த ரவி குப்தாவுக்கும் மனைவிக்கும் 2023 மே மாதம் ஹைதராபாத்–சிங்கப்பூர் விமானத்தில் இதுவே நடந்தது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ஆளுக்கு 10,000 மைல் புள்ளிகள் தருவதாகச் சொன்னது. வாங்கவில்லை. ஹைதராபாத் நுகர்வோர் ஆணையம் ஆளுக்கு ரூ.48,750-ஐ 12 சதவீத வட்டியுடன் திருப்பித் தரவும், மன உளைச்சலுக்கு ஒரு லட்சம் தரவும் உத்தரவிட்டது. "அவர் போலீஸ், அவருக்குக் கிடைக்கும்" என்று ஆரம்பிக்காதீர்கள். அவர் போன அதே வகை ஆணையம் நமக்குத் தஞ்சாவூரில் இருக்கிறது.

பட்டுப்புடவைக்காரர்களுக்கு இடையில் ஒரு சொல். பிசினஸ் கிளாஸில் போவதால் பெட்டி தொலைந்தால் கிடைக்கும் தொகையின் உச்சவரம்பு உயராது. எல்லா வகுப்புக்கும் ஒன்றுதான். முகூர்த்தப் புடவையைக் கைப்பையில் வையுங்கள். பெட்டி சேதமானால் 7 நாளுக்குள், தாமதமாக வந்தால் கைக்கு வந்த 21 நாளுக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். தவறினால் போச்சு.

இனி எங்கே போவது? முதலில் விமான நிறுவனத்துக்கு எழுத்தில். பதில் இல்லையென்றால் அதன் நோடல் அதிகாரிக்கு. "டிக்கெட் எடுத்த ஏஜென்ட்டிடம் கேளுங்கள்" என்று தட்டிவிடுவார்கள். ஏற்காதீர்கள், பணத்தைத் திருப்பும் பொறுப்பு நிறுவனத்துடையது. கூடவே விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஏர்சேவா தளத்தில் பதியுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணும் உண்டு. இதற்கும் அசையாவிட்டால் தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம்.

நிறுவனத்தின் அலுவலகம் மும்பையிலா துபாயிலா என்று கவலைப்பட வேண்டாம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். டிக்கெட்டுக்குக் காசு கட்டியது டல்லாஸில் இருக்கும் மகன் என்றாலும், பறந்த அப்பாவும் நுகர்வோர்தான். அவரே மனுதாரர் ஆகலாம். மகனின் கார்டு ரசீதை இணைத்தால் போதும். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. 10 லட்சம் வரை 200 ரூபாய். வக்கீல் கட்டாயமில்லை. மனு, பிரமாணப் பத்திரம், மேலே சொன்ன காகிதங்கள், நிறுவனத்துக்கு எழுதிய கடிதங்கள் இவற்றை இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே ஏற்றலாம். கெடு இரண்டு ஆண்டு. ஏர்சேவாவில் புகார் கிடக்கிறது என்பதற்காக அந்தக் கெடு நிற்காது. வவுச்சரை முழுத் தீர்வாக ஏற்றுக் கையெழுத்துப் போட்டிருந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் நீட்டுவது அந்தத் தாளைத்தான்.